செத்த காலேஜுக்கு உயிர் வர: அருங்காட்சியகம் எல்லோருக்கும் உரியதாக மாற ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய சென்னையில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு மக்கள் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. 1851ஆம் ஆண்டு தொடங்கியபோது அது நுங்கம்பாக்கத்தில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் இருந்தது. பிறகு எழும்பூருக்கு வந்தது. 1855இல் எட்வர்ட் பால்ஃபோர் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு விலங்குக் காட்சிச்சாலையையும் தொடங்கினார். பாடம் செய்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும் நின்ற இடம் செத்த காலேஜ். உறுமுகிற, தாவுகிற விலங்குகள் இருந்த இடம் உயிர் காலேஜ். உயிர் காலேஜ் மூர் மார்க்கெட் பக்கம் போய், பின்னர் வண்டலூருக்கே போய்விட்டது. செத்த காலேஜ் என்ற பெயர் மட்டும் பல தலைமுறைகளுக்கு நின்றது.

அந்தப் பெயரை நான் ஒரு குறையாகவே படிக்கிறேன். உள்ளே இருக்கும் பொருளுக்கும் வெளியே இருக்கும் வாழ்க்கைக்கும் தொடர்பில்லை என்று ஊர் சொன்ன குறை அது. 2022 ஆகஸ்டில் பிராகா நகரில் கூடிய பன்னாட்டு அருங்காட்சியக மன்றம், அருங்காட்சியகம் என்றால் என்ன என்ற வரையறையைத் திருத்தி எழுதியபோது, சேகரிப்பது, பாதுகாப்பது, காட்சிக்கு வைப்பது என்ற பழைய வேலைகளோடு, எல்லோரும் அணுகக்கூடியதாக இருப்பது, எவரையும் விலக்காதிருப்பது, சமூகங்களின் பங்கேற்போடு இயங்குவது ஆகியவற்றையும் சேர்த்தது. மறு ஆண்டு மே 18, அருங்காட்சியக நாளின் கருப்பொருளில் 'நல்வாழ்வு' என்ற சொல்லும் இடம்பெற்றது.

இந்த வழிகாட்டி பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதன்று. மாவட்டத் தலைநகரில் நான்கைந்து பணியாளர்களோடு ஓர் அருங்காட்சியகத்தை நடத்தும் காப்பாட்சியருக்காக, கல்லூரியில் தொல்லியல் சேகரிப்பைப் பார்த்துக்கொள்ளும் பேராசிரியருக்காக, ஊர் நூலகத்தின் ஓர் அறையில் பழம்பொருள்களை அடுக்கி வைத்திருக்கும் ஆர்வலருக்காக எழுதுகிறேன். ஒரு கருத்தைத்தான் இதில் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். உங்கள் காட்சிப் பேழைக்குள் இருக்கும் பொருளைப் பற்றிய அறிவில் பாதி, இதுவரை உங்கள் வாசலுக்கே வராதவர்களிடம் இருக்கிறது. அவர்களை உள்ளே அழைத்து, உட்கார வைத்து, பேச விட்டால் அவர்களுக்கும் நல்லது, பொருளுக்கும் நல்லது.

1. வராதவர்களைக் கணக்கெடுங்கள்

டிக்கெட் கவுன்ட்டரில் வந்தவர் கணக்கு இருக்கும். வராதவர் கணக்கு எங்கும் இருக்காது. முதல் இரண்டு வாரம் அதை எழுதுங்கள். பள்ளிச் சுற்றுலாக்களைக் கழித்துவிட்டுப் பாருங்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர் எத்தனை பேர் வந்தார்கள்? சக்கர நாற்காலியில் ஒருவராவது வந்தாரா? கைக்குழந்தையோடு தாய்மார் வந்தார்களா? பக்கத்துத் தெருவில் இருப்பவர்கள் எத்தனை பேர்? துப்புரவுப் பணியாளர் குடியிருப்பிலிருந்து, மீனவர் குப்பத்திலிருந்து, மலையடிவாரப் பழங்குடிக் கிராமத்திலிருந்து எவராவது தாமாகவே வந்தார்களா?

பிறகு பேருந்து நிலையத்திலிருந்து உங்கள் வாசல் வரை ஒருவரோடு நடந்து வாருங்கள். நீங்கள் தனியாக நடந்தால் எதுவும் தெரியாது. முழங்கால் வலி உள்ள ஒரு பாட்டியோடு, பார்வைத்திறன் இல்லாத ஒரு மாணவரோடு, சக்கர நாற்காலி ஓட்டும் ஒருவரோடு நடக்க வேண்டும். அவர்கள் எங்கே நின்றார்கள், எங்கே தயங்கினார்கள், எங்கே 'இதற்கு மேல் வேண்டாம்' என்றார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வழியில் எதையும் விளக்காதீர்கள்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். இரண்டு கூடங்கள் தாண்டியதும் கால் வலித்தது. உட்கார ஒன்றும் இல்லாததால் ஒரு சிலை மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தார். காவலர் வந்து எழுந்திருக்கச் சொன்னார். அவர் கடமை அது. குரலில் கடுமைகூட இல்லை. அம்மா எழுந்தார், 'நீ பார்த்துவிட்டு வா' என்று வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். அதன் பிறகு எந்த அருங்காட்சியகத்துக்கும் அவர் வரவில்லை. அன்றைய வருகைப் பதிவேட்டில் அவரும் ஒரு பார்வையாளர்தான்.

2. உட்கார இடம், குடிக்கத் தண்ணீர், போகக் கழிப்பறை

நம் ஊர்ச் சாலைகளில் சுமைதாங்கிக் கற்கள் இருந்தன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக நடப்பட்டவை. தலைச்சுமையோடு போகிறவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கிவைக்கும் உயரத்தில் அவை இருக்கும். அந்தக் கல்லை இன்று சிற்பப் பூங்காவில் நிறுத்தி வைத்திருக்கும் அருங்காட்சியகம், பக்கத்தில் ஒரு நாற்காலி போடாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

ஒவ்வொரு கூடத்திலும் குறைந்தது இரண்டு இருக்கைகள் வேண்டும். முதுகு சாய்க்க வேண்டும். எழும்போது ஊன்றிக்கொள்ளக் கைப்பிடி வேண்டும். உயரம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். அழகாக இருக்கிறது என்று தாழ்ந்த கல் பலகைகளைப் போடாதீர்கள். முதியவர் அதில் உட்கார்ந்தால் எழ முடியாது. இருக்கையைச் சுவரோரம் ஒதுக்காமல், ஒரு நல்ல பொருளைப் பார்த்தபடி போடுங்கள். களைத்தவரும் பார்வையாளர்தான்.

சாய்தளத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் அளவு உயரத்துக்குப் பன்னிரண்டு அளவு நீளம். 15 சென்டிமீட்டர் படி ஒன்று என்றால் 1.8 மீட்டர் நீளச் சாய்தளம். அப்படி மூன்று படி என்றால் 5.4 மீட்டர். 'இடம் இல்லை' என்று இரண்டு மீட்டரில் செங்குத்தாக ஒன்றைக் கட்டிவிட்டு அடிக்கல்லில் பெயர் போடும் வழக்கம் உண்டு. அதில் ஏறும் சக்கர நாற்காலி பின்னால் கவிழும். இடம் போதாவிட்டால் சாய்தளத்தைத் திருப்பம் வைத்துக் கட்டுங்கள், அல்லது பக்கவாட்டு வாசலைப் பொதுவாசலாக்குங்கள். பக்கவாசல் என்றால் எல்லோரும் அதன் வழியாகவே போகட்டும். மாற்றுத்திறனாளிகளை மட்டும் சரக்கு இறக்கும் வழியாக அழைத்துப் போவது அழைப்பே அன்று. வாசலின் அகலம் 90 சென்டிமீட்டர் இருக்க வேண்டும்.

காட்சிப் பேழைகளின் உயரத்தையும் பாருங்கள். நிற்பவரின் கண் மட்டத்துக்கு வைத்த நாணயம், உட்கார்ந்திருப்பவருக்கும் எட்டு வயதுக் குழந்தைக்கும் கண்ணாடியில் தெரியும் டியூப் லைட் வெளிச்சமாக மட்டுமே இருக்கும். ஒரு நாள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் கூடங்களைச் சுற்றுங்கள். எந்தப் பேழையைத் தாழ்த்த வேண்டும் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இவையெல்லாம் தயவால் செய்பவை என்று எவராவது சொன்னால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டுங்கள். 21 வகைக் குறைபாடுகளை ஏற்கும் அந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதை உரிமையாகப் பேசுகிறது. மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் அமைப்பதையும் குறிப்பிடுகிறது. எதையும் வாங்கும் முன், சென்னைக் கடற்கரைச் சாலையில் 2022இல் திறக்கப்பட்ட 'மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்' என்ற இடத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். சமையலறை முதல் கணினி வரை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் கருவிகளை அங்கே தொட்டு, இயக்கிப் பார்க்கலாம். அங்கிருக்கும் சிற்றுண்டியகத்தை நடத்துபவர்களும் அவர்களே.

கழிப்பறை பற்றி நீட்ட வேண்டியதில்லை. பூட்டாமல், சுத்தமாக, தாழ்ப்பாள் சரியாக இருக்க வேண்டும். ஒரு பெண் ஓர் இடத்தில் எவ்வளவு நேரம் இருப்பார் என்பதைப் பெரும்பாலும் அதுதான் முடிவுசெய்கிறது.

3. விவரப் பலகையை மனிதர் படிக்கும்படி எழுதுங்கள்

'தாழி. சுடுமண். பெருங்கற்காலம்.' இப்படி ஒரு பலகையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதில் பிழை ஒன்றும் இல்லை. யாருக்காக எழுதப்பட்டது என்பதுதான் தெரியவில்லை. இதையே இப்படி எழுதலாம்:

'இறந்தவரின் எலும்புகளையும், அவர் புழங்கிய கலயங்களையும் இந்தத் தாழிக்குள் வைத்துப் புதைத்தார்கள். சங்கப் பாட்டு ஒன்றில், கணவனை இழந்த பெண் குயவரிடம் கேட்கிறாள்: அவனுக்கு வனையும் தாழியை எனக்கும் சேர்த்துக் கொஞ்சம் அகலமாக வனைந்து தரமாட்டாயா?'

மூன்று நான்கு வரிகள்தான். ஆனால் அண்மையில் துணையை இழந்த ஒருவர் அதன் முன் நின்றால், இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் தன்னைப் போலவே ஒருத்தி அழுதிருக்கிறாள் என்று அறிவார். மனநலத்துக்கு அருங்காட்சியகம் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் விடை இந்தத் தாழிதான். கூடவே, அவர் அழுதால் அருகில் ஒரு நாற்காலி இருக்க வேண்டும். காவலர் அவரை விரட்டாமல் இருக்க வேண்டும்.

எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஒரு மீட்டர் தள்ளி நின்று, கண்ணாடி போட்ட எழுபது வயதுக்காரர் படித்துப் பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள். பளபளக்கும் பலகை வேண்டாம். வெளிர் நிறத்தில் கருப்பு எழுத்து போதும். ஆண்டை எழுதும்போது நம் காலத்திலிருந்து எண்ணிச் சொல்லுங்கள்: 'ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்'. சோழர் காலம் என்பது வரலாறு படித்தவருக்கு மட்டுமே ஒரு தேதி.

4. தொட விடுங்கள்

'தொடாதீர்கள்' என்பது அருங்காட்சியகத்தின் முதல் கட்டளை. காரணம் நியாயமானது; வியர்வையின் உப்பு செப்புத் திருமேனியை அரிக்கும், ஓலைச்சுவடி கை பட்டால் உதிரும். ஆனால் பார்வையற்றவருக்கு அந்தக் கட்டளை கதவடைப்புதான். டெல்லி தேசிய அருங்காட்சியகம் 2015இல் 'அனுபவ்' என்ற பெயரில் தொட்டு அறியும் கூடம் ஒன்றைத் திறந்தது. மூலப் பொருள்களின் நகல்களை வைத்து, கையால் தடவிப் பார்க்க ஏற்பாடு செய்தார்கள்.

அதற்குப் பெரும் செலவு ஆகும் என்று எண்ண வேண்டாம். உங்கள் ஊரிலேயே குயவர் இருக்கிறார். அவரிடம் தாழியின் சிறு நகலும், கருப்பு-சிவப்புப் பானையின் நகலும் செய்து வாங்குங்கள். உடைந்தால் இன்னொன்று செய்துகொள்ளலாம். தஞ்சை வட்டாரத்து அருங்காட்சியகம் என்றால் சுவாமிமலை ஸ்தபதிகளிடம் கேளுங்கள். ஒரே உருவத்தின் மெழுகு வார்ப்பு, அதைச் சுற்றிப் பூசிய மண் கருவம், மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகம் ஊற்றி எடுத்த சீர்படாத வார்ப்பு, உளி பட்டு முடிந்த வடிவம் என்று நான்கு கட்டங்களையும் வரிசையாக வைத்தால், பார்வையற்ற மாணவர் விரல்களால் ஒரு திருமேனி பிறப்பதையே பின்தொடர்வார். பார்வையுள்ளவர்களும் அந்த மேசையில் கூட்டமாக நிற்பார்கள்.

பிரெய்லி பலகை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது பொதுவான தவறு. பிற்காலத்தில் பார்வை இழந்தவர்களில் பலருக்குப் பிரெய்லி தெரியாது. அவர்களுக்குக் குரல் வேண்டும். வானொலி அறிவிப்பாளரின் குரல் தேவையில்லை. உங்கள் ஊர்ப் பேச்சு அறிந்த ஒருவர் நிதானமாகப் பேசி, போனில் பதிவு செய்தால் போதும். காது கேளாதோருக்குச் சைகை மொழியில் விளக்கம் வேண்டுமென்றால், அருகில் உள்ள செவித்திறன் குறைந்தோர் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவரையே வழிகாட்டியாகப் பயிற்றுவித்து ஊதியம் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைப்பதைவிட, தம் மொழியிலேயே நேராகப் பேசுபவர் மேல்.

5. நினைவுப் பெட்டி: முதியோரோடு ஒரு முற்பகல்

இந்தப் பகுதி நீளும். சிறிய அருங்காட்சியகம் மிக எளிதாகச் செய்யக்கூடியதும், மிகுந்த பலன் தருவதும் இதுதான் என்று நம்புகிறேன்.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2006இல் மறதிநோய் உள்ளவர்களையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் அழைத்து, ஓவியங்களின் முன் உட்கார வைத்து உரையாடத் தொடங்கியது. லிவர்பூலின் தேசிய அருங்காட்சியகங்கள் 2012இல் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி தரும் ஒரு திட்டத்தைத் தொடங்கின; பழைய அன்றாடப் பொருள்கள் அடங்கிய பெட்டிகளை இரவல் தருவதும் அதன் பகுதியானது. கனடாவின் மாண்ட்ரியலில் 2018 முதல் மருத்துவர்கள் மருந்துச்சீட்டைப் போலவே அருங்காட்சியக அனுமதிச் சீட்டை எழுதித் தர முடிந்தது. 2021இல் பிரசல்ஸ் நகர மருத்துவமனை ஒன்றும் அதே வழியில் போனது. கலைகளுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி 3000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019இல் ஓர் அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. ஆகவே இது யாரோ சிலரின் நல்லெண்ணம் மட்டும் அன்று.

நம் ஊரில் எப்படிச் செய்வது? ஒரு மரப்பெட்டியோ டிரங்குப் பெட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் ஏறிய அரும்பொருள்கள் வேண்டாம். சந்தையில், பழைய வீடுகளில் கிடைப்பவை போதும்: உழக்கு, படி, மரக்கால், பாக்குவெட்டி, அரிக்கன் விளக்கு, பல்லாங்குழியும் சோழிகளும், ஓலை விசிறி, மரப்பாச்சி, ஒரு கட்டு தறி நூல். மணமும் வேண்டும். வசம்பு, சாம்பிராணி, உலர்ந்த வெட்டிவேர். நினைவு மங்கியவர்களுக்கும் மணம் சட்டென்று ஒரு கதவைத் திறப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆறு முதல் எட்டுப் பேர், அவரவருடன் வீட்டார் ஒருவர். நேரம் முற்பகல் பதினொரு மணி. மறதிநோய் உள்ளவர்களில் பலருக்கு மாலையில் குழப்பம் கூடும் என்பதால் பிற்பகலைத் தவிருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வட்டமாக உட்காருங்கள். ஒரு முறைக்கு நான்கு பொருள் போதும். ஒன்று கை மாறிக் கை சுற்றி வந்த பிறகு அடுத்ததை எடுங்கள்.

ஒருபோதும் 'இது என்ன, ஞாபகம் இருக்கிறதா?' என்று கேட்காதீர்கள். அது தேர்வு. விடை தெரியாதபோது முதியவர் வெட்கப்படுவார், வீட்டார் தலைகுனிவார்கள். 'இதைப் பிடித்தால் கைக்கு எப்படி இருக்கிறது?', 'உங்கள் வீட்டில் இதை யார் வைத்திருப்பார்கள்?' என்று கேளுங்கள். அவர் சொல்வது வரலாற்றின்படி தவறாக இருந்தால் திருத்தாதீர்கள். பேசாமல் பொருளை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தால், அதுவும் சரி.

ஒரு முறை ஒரு மூதாட்டிக்கு மரக்காலைக் கொடுத்தோம். மகளின் பெயரே மறந்துபோய்ப் பல மாதங்களாகிவிட்டிருந்தன. கூடையில் இருந்த நெல்லை அள்ளி அளக்கத் தொடங்கினார். 'லாபம்' என்றார் முதல் அளவைக்கு. பிறகு 'இரண்டு, மூன்று' என்று பன்னிரண்டு வரை போனார். களத்தில் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்றுதான் தொடங்குவார்கள். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கலம் நிறைந்ததும் நிறுத்திவிட்டுச் சிரித்தார். மகள் அழுதுவிட்டார்.

அதே மரக்கால் வேறொரு நாளில் வேறொரு முதியவரிடம் போனது. அவர் அதை வாங்கவே இல்லை. பண்ணையில் கூலி அளக்க வேறு மரக்கால் வைத்திருந்தார்கள், அதன் அடி உள்வாங்கியிருக்கும் என்றார். அப்பா கொண்டுவந்த நெல் எப்போதும் குறைந்தது என்றார். அறை அமைதியானது. அன்றுதான் எனக்கு உறைத்தது: பழம்பொருள் எல்லோருக்கும் இனிய நினைவைத் தருவதில்லை. கிணற்றுக் கயிறு ஒருவருக்கு விளையாட்டு, இன்னொருவருக்குத் தொடவிடாத கிணறு. டீக்கடைக் குவளை ஒருவருக்கு மாலைப் பொழுது, இன்னொருவருக்குத் தனிக்குவளை. இப்படி ஒரு நினைவு எழும்போது பேச்சை மாற்றாதீர்கள். 'அந்தக் காலம் அப்படித்தான்' என்று யாரையும் சொல்ல விடாதீர்கள். கேளுங்கள். அவர் அனுமதித்தால் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் மரக்காலின் விவரக் குறிப்பில் இன்று இரண்டு நினைவுகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

வீட்டைவிட்டு வெளியே வராத முதியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள் அறிவார்கள். வட்டார மருத்துவ அலுவலரைச் சந்தித்துப் பேசுங்கள். வர முடியாதவர்களிடம் பெட்டி போகட்டும். மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகம் 2015 முதல் பஸ்ஸிலேயே ஓர் அருங்காட்சியகத்தை ஊர் ஊராக அனுப்புகிறது. உங்களுக்கு ஓர் ஆட்டோ போதும்.

ஓர் எல்லையை மறவாதீர்கள். நீங்கள் மருத்துவர் இல்லை. உரையாடலில் ஒருவர் வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால், உடனிருந்து கேட்டு, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் சேர்ப்பதே உங்கள் வேலை. 14416 என்ற அரசின் தொலைபேசி மனநல உதவி எண் பணியாளர் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

6. அமைதி நேரம்

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு எதிரொலிக்கும் கூடமும் மின்னும் விளக்கும் கூட்டமும் துன்பம். மாதத்தில் ஒரு நாள், திறக்கும் நேரத்துக்கு முன் ஒரு மணி நேரம் அவர்களுக்காகத் திறங்கள். ஒலிப்பதிவுகளை நிறுத்துங்கள், சிமிட்டும் குழல்விளக்கை மாற்றுங்கள். வாசல், காவலர், முதல் கூடம், கழிப்பறை என வரிசையாகப் படம் எடுத்து, 'முதலில் இங்கே வருவோம், பிறகு இதைப் பார்ப்போம்' என்று பத்துப் பக்கப் படக்கதை செய்து முன்கூட்டியே பெற்றோருக்கு அனுப்புங்கள். குழந்தை ஓடினால், கத்தினால், ஒரே பேழையின் முன் நாற்பது நிமிடம் நின்றால், எவரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. அந்தப் பெற்றோருக்கு ஊரில் அப்படி வேறு இடம் அநேகமாக இல்லை.

7. யாருடைய பொருள், யாருடைய சொல்

எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் தொகுத்தவர். அவர் கையில் எப்போதும் அளவுகோலும் இடுக்கியும் இருந்தன. அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களையே நிறுத்தி, தலையின் நீளம், மூக்கின் அகலம் அளந்து, அதை வைத்து மனிதரை வகைப்படுத்தினார். பார்க்க வந்தவரையே பொருளாக்கிய வரலாறு நம் துறைக்கு உண்டு. ஆகவே எந்தச் சமூகத்திடமும் போகும்போது, நாம் நன்மை செய்ய வருகிறோம் என்ற நினைப்போடு போகக் கூடாது. அவர்கள் நம்மைச் சந்தேகிக்கக் காரணம் இருக்கிறது.

இதைச் சரியாகச் செய்த இடம் எது என்று கேட்டால் நான் தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகரின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்தைச் சொல்வேன். பல இனத்தவர் கலந்து வாழ்ந்த அந்தப் பகுதியை 1966இல் நிறவெறி அரசு வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, 60,000க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றி, வீடுகளை இடித்தது. 1994இல் ஒரு பழைய தேவாலயத்தில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, தரையில் அந்தப் பகுதியின் பெரிய வரைபடத்தை விரித்தார்கள். வந்தவர்கள் குனிந்து தம் தெருவைத் தேடி, தம் வீடு இருந்த இடத்தில் பெயர் எழுதினார்கள். துணியில் எழுதிய நினைவுகளை நூலால் தைத்து நிலைக்கச் செய்தார்கள். அந்த வரைபடம் பின்னர், நிலத்தைத் திரும்பக் கேட்டவர்களின் போராட்டத்தோடும் சேர்ந்து நின்றது.

நமக்கு நெருக்கமான இன்னொன்று இலங்கை மலையகத்தில் இருக்கிறது. கண்டியை ஒட்டிய ஹந்தானையில், பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் தேயிலை அருங்காட்சியகம் உண்டு. இயந்திரங்களும் தோட்டத்துரைமாரின் நினைவுகளும் அங்கே. கம்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வாழ்ந்த லயன் அறைகளிலேயே 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் அமைந்தது. கொழுந்துக் கூடையைச் சுமந்தவர்களின் புழங்குபொருள்கள், ஆவணங்கள், அவர்கள் படுத்துறங்கிய அறைக்குள்ளேயே. ஒரே தேயிலைதான். எந்தக் கட்டடத்தில் நின்று சொல்கிறோம் என்பது கதையையே மாற்றிவிடுகிறது.

உங்கள் சேமிப்பறையில் தொடங்குங்கள். பதிவேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, இதைச் செய்தவர் யார், புழங்கியவர் யார், அவர்களின் வழிவந்தவர்கள் இன்று எங்கே என்று மூன்று பத்தி சேருங்கள். பெரும்பாலும் காலியாக இருக்கும். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போங்கள், அல்லது அவர்களை வரவழையுங்கள். இருளர் செய்த பாம்புக் கூடையைப் பற்றி இருளர் பேசட்டும். பறையைப் பற்றி அதை அடித்தவர் பேசட்டும். பேசுபவருக்குப் பயணப்படியும் ஒரு நாள் ஊதியமும் தாருங்கள், பேராசிரியருக்குத் தருவதைப் போலவே. அவர் பெயரைப் பலகையில் போடுங்கள், அவர் விரும்பினால். பழைய பலகையில் இழிசொல் இருந்தால் அவரிடமே கேட்டு மாற்றுங்கள். ஒரு பொருளைக் காட்சிக்கு வைக்க வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் எடுத்துவிடுங்கள். சடங்குப் பொருள்களிலும் மனித எலும்புகளிலும் இது மிகவும் முக்கியம். மான்செஸ்டர் அருங்காட்சியகம் 2019இல் ஆஸ்திரேலியத் தொல்குடிகளின் 43 புனிதப் பொருள்களை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தது.

பெர்லின் அருங்காட்சியகங்கள் 2015இல் சிரியாவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் அகதிகளாக வந்தவர்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தன; தம் நாட்டுப் பழம்பொருள்களை அவர்கள் தம் மொழியில் விளக்கினார்கள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கும் மாவட்டங்களின் காப்பாட்சியர்கள் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

8. காவலரும் துப்புரவாளரும்

பார்வையாளர் முதலில் சந்திப்பது காப்பாட்சியரை அன்று, வாசலில் நிற்பவரை. என் அம்மாவை எழுப்பிய காவலரிடம் எவரும் வேறு விதமாகச் செய்யலாம் என்று சொல்லியிருக்கவில்லை. 'தொடாதே, உட்காராதே' என்பதற்கு மேல் அவருக்குப் பயிற்சி இருந்திருக்காது. எல்லாப் பயிற்சிகளிலும் முதல் வரிசையில் அவரை உட்கார வையுங்கள். அவர் நாள் முழுவதும் நிற்கிறார் என்றால் அவருக்கும் நாற்காலி கொடுங்கள். ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் மாதத் தொடக்கத்தில் வருகிறதா என்று கேளுங்கள். தம் பணியாளர் மூன்று மாதச் சம்பளத்துக்குக் காத்திருக்கும்போது சமூகப் பொறுப்பைப் பற்றிக் கண்காட்சி வைப்பது முறையாகாது.

கோடையில் வாசலில் பந்தலும் தண்ணீரும் வையுங்கள். டிக்கெட் வாங்காதவரும் குடிக்கட்டும்.

9. முதல் ஆண்டின் வேலைத்திட்டமும் ஒரு நோட்டும்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் ஒன்றும் நிற்காது. தை மாதத்தில் கணக்கெடுப்பும் நடைப்பயணமும். பங்குனிக்குள் நாற்காலிகள், தண்ணீர், கழிப்பறை. இவற்றுக்குப் பெரிய நிதி வேண்டாம். மே 18 அருங்காட்சியக நாளன்று விழா மேடை போடுவதற்குப் பதிலாக, மாற்றியெழுதிய பத்து விவரப் பலகைகளைப் பொதுமக்கள் முன் வையுங்கள். ஆடியிலிருந்து மாதத்துக்கு ஒரு நினைவுப் பெட்டி அமர்வு. ஐப்பசிக்குள் தொட்டு அறியும் மேசை. ஒரே ஒரு சமூகத்தோடு, ஒரே ஒரு பொருளைப் பற்றி, ஆண்டு முழுவதும் உரையாடல். சாய்தளத்துக்கான மதிப்பீட்டைப் பொதுப்பணித் துறைக்கு முதல் மாதமே அனுப்பிவிடுங்கள். அது வரத் தாமதமாகும்.

பலனை எப்படி அறிவது? வருகை எண்ணிக்கை உதவாது. எட்டுப் பேர் அமர்வு எந்த அறிக்கையிலும் சிறியதாகவே தெரியும். ஒரு நீள நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் மூன்று செய்திகளை எழுதுங்கள்: இன்று யார் பேசினார், நமக்குத் தெரியாத எதைச் சொன்னார், யார் அசௌகரியமாக உணர்ந்தார். காவலரும் எழுதட்டும். நிதி கேட்டு மேலதிகாரியிடம் போகும்போது அந்த நோட்டையே கொண்டுபோங்கள். அதிலிருந்து இரண்டு பக்கத்தைப் படித்துக் காட்டுவது, எந்த விளக்கப்படத்தையும்விட வேலை செய்ததை நான் கண்டிருக்கிறேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஒருமுறை வந்து பிறகு வராமல் போனவர்களின் பட்டியல் இருக்கட்டும். மாதத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து அவர்களுக்குப் போன் செய்யுங்கள். உடம்பு சரியில்லையா, பஸ் இல்லையா, நாம் ஏதேனும் தவறு செய்தோமா என்று கேளுங்கள். அடுத்த அமர்வின் தேதியைச் சொல்லிவிட்டு வையுங்கள்.